தண்ணீர் வருமுன்னே செய்தி போட்டவர்

நமது முந்திரித்தோப்பு கிளப்பில் எது நடந்தாலும் அது டாக்டர் கரீம் அவர்கள் எழுதித்தான் நமக்குத் தெரியவரும். டென்னிஸ் வலை கிழிந்ததும் அப்படித்தான், உறுப்பினர் வீட்டில் பேரன் பிறந்ததும் அப்படித்தான். அவர் எழுதாமல் நமக்கு வந்த முதல் செய்தி, அவரைப் பற்றியதாகிவிட்டது.

அன்று வியாழக்கிழமை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து விடுமுறையில் இருந்த நான், அப்பாவின் டிராக்டர் உதிரிபாகக் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். பட்டப்பகலில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அப்பா கையில் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய் டாக்டரு போயிட்டாரும்மா" என்றார்.

"எங்கப்பா?"

"நெஞ்சு வலின்னாராம். பெரம்பலூருக்குக் கொண்டு போற வழியிலேயே..."

நான் சிரித்துவிட்டேன். ஊரை ஏமாற்றும் என்னை அப்பா ஒருநாளாவது ஏமாற்றிப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்பா சிரிக்கவில்லை. அன்று காலைதான் டாக்டர் எழுதிய 'தோப்புச் செய்தி' எங்கள் வீட்டுக்கு நாளிதழோடு வந்திருந்தது. ஆளுக்கு முன்னால் செய்தி வருவது அவர் வழக்கம். ஆள் போன பிறகும் செய்தி நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் மாமா, நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் அழைப்போம், அரியலூர் கடைவீதியில் பல் மருத்துவராக இருந்தவர். சொந்த ஊர் பெரம்பலூருக்கு வடக்கே வெள்ளாற்றங்கரை. கிளப் செயலாளர் பதவிக்கு யாரும் போட்டியிடாத ஒரு கூட்டத்தில், தாமதமாக வந்த குற்றத்துக்காக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அப்பா சொல்வார். அதன்பின் அவரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

செயலாளர் ஆனதும் அவர் செய்த முதல் வேலை 'தோப்புச் செய்தி'. ஒரே தாள், முன்னும் பின்னும் தட்டச்சு. ஒரு நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, ஈறு மரத்துப்போகும் வரை இரண்டு பத்தி அடிப்பார். பல் டாக்டர் எழுதுவதால் அது பல்சுவை இதழ் என்று நான் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தேன். அடுத்த மாதம் தாளின் தலைப்புக்குக் கீழே 'பல்சுவை மாத இதழ்' என்று அச்சாகி வந்தது. குறும்பு செய்கிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. திட்டினால் பதில் சொல்லலாம். ஏற்றுக்கொண்டால் என்ன செய்வது?

செய்திகளும் அப்படித்தான் இருக்கும். 'சீட்டாட்ட அறையின் மூன்றாவது மேசை ஆடுகிறது. அது ஆடும்போது உறுப்பினர்கள் ஆட வேண்டாம்.' 'சமையற்கட்டில் ராசாத்தி வைக்கும் மிளகுக் குழம்புக்குப் பாராட்டுகள் குவிகின்றன. பாராட்டுவோர் தட்டைத் தாங்களே கழுவினால் பாராட்டு முழுமை பெறும்.'

ஆனால் அவருக்கென்று ஒரு தனி வழக்கம் இருந்தது. நடக்காததை நடக்கப்போவதாக முதலில் செய்தி போட்டுவிடுவார். மெயின் ரோட்டிலிருந்து கிளப்புக்கு வரும் பாதையில் விளக்கே கிடையாது. 'அடுத்த மாதம் முதல் பாதையில் விளக்கு எரியும்' என்று போட்டார். யாரையும் கேட்கவில்லை. உறுப்பினர்கள் அவரிடம் வந்து, எங்கே விளக்கு என்று சண்டை பிடித்தார்கள். "நீங்களும் கேக்கறீங்க, நானும் கேக்கறேன். வாங்க, சேந்தே போயி கேப்போம்" என்று அத்தனை பேரையும் ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போய்விட்டார். விளக்கு எரிந்தது.

"கேக்காம போடுறீங்களே டாக்டரே, நடக்கலைன்னா?" என்று அப்பா கேட்டார்.

"போட்டாச்சு. இனிமே நடந்துதானே ஆகணும்? இன்ஷா அல்லா" என்றார் டாக்டர் மாமா.

இனி நீச்சல் குளத்துக்கு வருகிறேன். கிளப் தொடங்கியபோது கட்டிய குளம் அது. விரிசல் விட்டு, தண்ணீர் நிற்காமல், நான் பிறப்பதற்கு முன்பே வறண்டுவிட்டது. அதில் மிளகாய் காயும். மிளகாய் காயாத நாட்களில் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். பந்து குளத்தை விட்டு வெளியே போனால் சிக்ஸர். ராசாத்தி அக்காவின் மகன் முத்துதான் அதிக சிக்ஸர் அடிப்பவன். கிளப்புக்குப் பின்னால் உள்ள சின்னக்கல்லேரிதான் அவர்கள் ஊர்.

ஏழாம் வகுப்பில் நான் 'குளத்தில் முதலை காணப்பட்டது' என்று பலகையில் ஒட்டினேன். டாக்டர் மாமா அந்த மாதச் செய்தியில் எழுதினார்: 'குளத்தில் முதலை இருப்பது விசாரித்து உறுதி செய்யப்பட்டது. தண்ணீரே இல்லை என்று அது புகார் கொடுத்திருக்கிறது.' அந்த ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் பாதிப்பேர் காபி டம்ளரோடு வந்து குளத்தை எட்டிப் பார்த்தார்கள். பல வருடம் கழித்து அதைப் பார்த்தவர்கள், அடடா எவ்வளவு பெரிய குளம் என்று பேசிக்கொண்டார்கள். தலைவர் ராமசாமி ஐயா மட்டும், "முதலைக்குத் தண்ணி விடணும்னா மொதலப் போடணுமே, அது யாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அரிசி மில் வைத்திருப்பவர். முதல் இல்லாமல் முதலையைக்கூட நினைக்க மாட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் முத்து போய்விட்டான்.

சின்னக்கல்லேரிக்கு அப்பால், சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டு அப்படியே விட்ட குழி ஒன்று உண்டு. மழை பெய்தால் நீல நிறத்தில் தண்ணீர் நிற்கும். பார்க்க அழகு. ஆனால் கரை என்று எதுவும் கிடையாது. ஓரத்திலேயே ஆளை விழுங்கும் ஆழம். முத்துவுக்கு நீச்சல் தெரியாது.

அடக்கம் முடிந்து திரும்பிய டாக்டர் மாமா நேராக வறண்ட குளத்தின் படியில் வந்து உட்கார்ந்தார். நானும் அப்பாவும் பக்கத்தில் நின்றோம்.

"தண்ணி இல்லாத எடத்துல இங்க ஆடிக்கிட்டு கெடந்தான். தண்ணி இருந்த எடத்துல போயி நிக்கத் தெரியலையே புள்ளைக்கு" என்றார்.

அந்த மாதச் செய்தியில் நகைச்சுவை இல்லை. ஒரே ஓர் அறிவிப்பு: 'வரும் மே மாதம் முதல் நமது குளத்தில், நமது பிள்ளைகளுக்கும் சின்னக்கல்லேரிப் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுத்தரப்படும்.'

கிளப் கொதித்தது. கமிட்டி கூட்டத்தில் தலைவர் மேசையைத் தட்டினார். அது மூன்றாவது மேசை, ஆடியது.

"மெம்பருக்குத்தானே டாக்டரே குளம்? ஊருக்கே தொறந்து வுட்டா மெம்பருன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

"அந்தக் குழித்தண்ணி மெம்பர்ஷிப் கார்டு கேட்டுட்டா ஐயா ஆள முக்குது?"

கமிட்டி சரி என்று சொல்லவில்லை. மே மாதம் வந்தது, போனது. 'மே என்று சென்ற ஆண்டு நாம் குறிப்பிட்டதை அடுத்த மே என்று திருத்திப் படிக்கவும்' என்று செய்தி வந்தது.

பிறகு தலைவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. இதற்கு நானே சாட்சி. என் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த காலம் அது. மாதாமாதம் முறுக்கேற்ற மருத்துவமனைக்குப் போவேன். அன்று தலைவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஊசி போட்டாயிற்று. வாய் அகலத் திறந்திருந்தது.

"ஐயா, குளத்து விரிசல அடைச்சிடலாம்னு இருக்கேன். மாத்தற பழைய தண்ணிய முந்திரிக்குப் பாச்சிக்கலாம், வீணாப் போவாது. சின்னக்கல்லேரிப் புள்ளைங்களும் வரட்டும். உங்களுக்கு ஆட்சேபண இல்லைன்னா 'ஆ'ன்னு சொல்லுங்க."

"ஆ... ஆ..." என்றார் தலைவர். கையை வேறு ஆட்டினார்.

"ஏம்மா கயல், கேட்டுக்கிட்டியா? தலைவரு ஒத்துக்கிட்டாரு."

"கேட்டுச்சு மாமா. ரெண்டு தடவ சொன்னாரு" என்றேன்.

பல்லைப் பிடுங்கி எழுந்த தலைவர், பஞ்சைக் கடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறி முறைத்தார். அந்த மாதத் தோப்புச் செய்தியில் 'தலைவர் வாய் திறந்து ஒப்புதல் அளித்தார்' என்று வந்தது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. தலைவரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு மனம் வரவில்லை என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. சிமெண்டு மூட்டைகள் அவருடைய மில் லாரியில்தான் வந்திறங்கின.

அடுத்த பலி நான். 'சிறுவர்களுக்கு நமது உறுப்பினர் செல்வராசு அவர்களும், சிறுமிகளுக்கு அவர் மகள் செல்வி கயல்விழியும் கற்றுத்தர இசைந்துள்ளனர்.' நாங்கள் இசைந்ததை நாங்களே படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அப்பாவின் ஊர் திருமானூர். கொள்ளிடத்தில் நீந்தி வளர்ந்தவர், எனக்கும் அங்கேதான் பழக்கினார். அது உண்மை. ஆனால் லீவை எப்படிக் கழிப்பது என்று எனக்கு வேறு திட்டங்கள் இருந்தன. நேராக டாக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"என்னக் கேக்காம எப்படிப் போடலாம் நீங்க?"

"பேருலயே மீன வச்சுக்கிட்டு நீந்த மாட்டேன்னா எப்படிம்மா?"

"அப்ப நீங்களும் எறங்கணும்."

"எனக்கு நீச்சல் தெரியாது புள்ள. மொத வகுப்புல மொத ஆளா நாந்தான் சேருவேன். வாயத் தொற."

திறந்தேன். கம்பியை முறுக்கினார். "பல்லக் கட்டிட்டேன், இந்த வாயத்தான் கட்ட முடியல" என்றார். இப்படி, என்னைப் போலவே குறும்புக்காரர் ஒருவர் ஸ்டெதாஸ்கோப் இல்லாத டாக்டராக அந்தக் கடைவீதியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை காலை வந்த செய்தியின் கடைசி வரிகள் இவை: 'ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குளத்தில் நீர் நிறைந்திருக்கும். அனைவரும் வருக. துண்டு கொண்டு வரவும்.' அப்போது குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. மதியம் அவர் போய்விட்டார். மோட்டாரை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பின் அடக்கம் ஆயிற்று. மறுநாள் கமிட்டி கூடியது. "இந்த நேரத்துல போயி கொண்டாட்டம் மாதிரி வைக்கறது நல்லாருக்குமா? கொஞ்ச நாளு போவட்டும்" என்றார் தலைவர். எல்லாரும் தலையசைத்தார்கள். தள்ளிப்போன முதல் மே எனக்கு நினைவு வந்தது. இம்முறை திருத்தம் போட அவர் இல்லை. தள்ளினால் மழை வந்துவிடும், குழி நிறைந்துவிடும்.

நானும் அம்மாவும் டாக்டர் மாமாவின் மனைவியை, எங்கள் மாமியைப் பார்க்கப் போனோம். உள்ளறையில் இருந்தார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், அவர்களே கேட்டார்கள்: "குளம் ரொம்பிருச்சாம்மா?"

தள்ளி வைக்கப் போகிறார்கள் என்றேன்.

"அவரு போட்ட சேதி லேட்டாயிருக்கு. பொய்யாப் போனதில்ல. இது லேட்டுகூட ஆக வேணாம்னு நாஞ் சொன்னேன்னு தலைவரு ஐயாகிட்ட சொல்லு."

ஓடினேன். தலைவர் கிளப் வாசலில் காரில் ஏறிக்கொண்டிருந்தார். மாமி சொன்னதைச் சொன்னேன். அவர் பல் பிடுங்கிய பக்கத்துத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"அன்னிக்கி ஆ-ன்னு சொல்லிட்டேன். இப்ப இல்லன்னா அந்த மனுசன் வுடுவாரா?" என்றவர், நேரே மோட்டார் அறைக்கு நடந்தார்.

ஞாயிறு மாலை. குளம் விளிம்பு வரை நிறைந்து தளும்பியது. உறுப்பினர்கள் தோளில் துண்டோடு வந்தார்கள். நீந்த வராதவர்களும் துண்டோடு வந்தார்கள், செய்தியில் அப்படித்தான் போட்டிருந்தது. எங்கள் கடை டிராக்டர் டியூப்கள் தண்ணீரில் கறுப்பு வடைகளாக மிதந்தன. சின்னக்கல்லேரிப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டத் தயங்கி நிற்க, தலைவரே போய், "வாங்கடா, தண்ணி ஆறிடப் போவுது" என்று கூட்டி வந்தார். பையன்கள் அப்பாவோடு குதித்தார்கள்.

ராசாத்தி அக்கா குளத்தைப் பார்க்காமல் நின்றார். கையில் மகள் தமிழ்ச்செல்வி, முத்துவின் தங்கை. பிடித்த பிடியில் அந்தச் சின்ன மணிக்கட்டு வெளுத்திருந்தது. நான் தண்ணீரில் இறங்கி நின்று கைகளை நீட்டினேன். வாய்க்கு வந்த வேடிக்கை எதையும் பேசவில்லை, வாழ்க்கையில் முதல்முறை.

"வுட்டுட மாட்டியே பாப்பா?"

"வுட மாட்டேன்க்கா."

"டாக்டரய்யா சொன்னாருன்னுதான் வந்தேன்."

விரல் விரலாகப் பிடி தளர்ந்தது. தமிழ்ச்செல்வி என் கைகளுக்கு வந்தாள். முதலில் என் கழுத்தை நெரித்தாள். பிறகு டியூபைப் பிடித்தாள். அப்புறம் காலை அடித்தாள்; தெறித்த தண்ணீரில் பாதி தலைவர் வேட்டியில். அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் இரண்டும் இல்லை. டாக்டர் மாமா பார்த்திருந்தால் அங்கேயே 'ஆ' காட்டச் சொல்லியிருப்பார். ராசாத்தி அக்கா படியில் இறங்கி உட்கார்ந்து, தன் பாதங்களைத் தண்ணீரில் வைத்தார்.

முதல் வகுப்பில் முதல் ஆளாகச் சேருவதாகச் சொன்னவருக்காக ஒரு டியூபைக் காலியாகவே மிதக்கவிட்டிருந்தோம். இருட்டும் வரை அது பிள்ளைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த மாதச் செய்தியை நான் எழுத வேண்டும் என்று கமிட்டி கேட்டுக்கொண்டது. அவர் முறைப்படியே கடைசி அறிவிப்பைப் போடுகிறேன்:

அடுத்த மழைக்குள் சின்னக்கல்லேரியில் நீச்சல் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இருக்காது.

போட்டாச்சு, டாக்டர் மாமா. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.