சம்மாட்டியாருக்குப் போட்ட டெக்

1. பத்துப் பேர் ஏறுகிற டெக்

புதுக்குடியிருப்பில் எனக்கு ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. சண்டை நின்று ஏ9 பாதை திறந்து அடுத்த வருடம். வெளிநாட்டுச் சொந்தங்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வராதவர்கள் தொலைபேசியில் வேலை சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு வேலையில்தான் நான் என் தொழிலிலேயே பெரிய மடத்தனத்தைச் செய்தேன். இளம் தச்சர்கள் சிரிப்பதற்காகத்தான் எழுதுகிறேன், தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

ஒருநாள் காலை ஜெசிந்தா பட்டறைக்கு வந்தா. நாயாற்றுக் கடல்நீர்க் களப்போரம் இருக்கிற சம்மாட்டி சவிரிமுத்தரின் மகள். ஒரு காலத்தில் நாலு வள்ளம் வைத்துத் தொழில் செய்த மனிதர் சவிரிமுத்தர். இப்போது வள்ளத்தில் போவது மருமகன், ஜெசிந்தாவின் புருசன். அவருடைய மூத்த மகன் அன்ரன் கனடாவில். கொமினிகேசன் கடைப் போனில் அண்ணனோடு கதைத்துவிட்டு நேரே என்னிடம் வந்திருந்தா.

"அண்ணை, எங்கட வீட்டுக்கு டெக் போடோணுமாம். அண்ணா சொன்னவர்."

டெக் என்றால் அந்த நாளில் எங்களுக்கு ஒன்றுதான். வீடியோக் கசெட் போட்டுப் படம் பார்க்கிற பெட்டி. ஊரில் கரண்ட் இல்லை, ஜெனரேற்றர் பிடித்து, வாடகைக்கு டெக் எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த சனம் நாங்கள்.

"டெக் கடையில வாங்கிறது பிள்ளை. நான் ஓடாவி, மரவேலைக்காரன்."

"இல்லை அண்ணை, நல்ல ஓடாவியாப் பாத்துப் பிடி எண்டவர். கால் நல்ல பலமா இருக்கோணுமாம். பத்துப் பேர் ஏறி நிண்டாலும் ஆடக் கூடாதாம்."

"பத்துப் பேர் டெக்குக்கு மேல ஏறி நிண்டு என்ன படம் பாக்கப் போகினம்?"

"எனக்கென்ன தெரியும். லைன் கரகரவெண்டு இரைஞ்சது, பாதி விளங்கேல்லை. வீட்டுச் சுவரோட போல்ட் போட்டு இறுக்கட்டாம். மழை பட்டாலும் உக்காத மரமாப் போடட்டாம்."

போல்ட் கள்ளருக்காக என்று நினைத்தேன். மழை கூரை ஒழுக்குக்காக என்று நினைத்தேன். மூளையை அன்றைக்குப் பட்டறையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறேன் போல. பாலை மரத்தில், ஆறு அங்குலச் சதுரக் காலில், இரண்டடி உயரத்தில் ஒரு மேசை செய்தேன். யானை ஏறி நின்றாலும் அசையாது. அதை லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போய் அவர்களுடைய முன் அறையில் இறக்கினேன்.

அந்த அறைக் கட்டிலில்தான் சவிரிமுத்தர் கிடந்தார். பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். வலப்பக்கம் விளங்காது. வாயில் வருவது ஒரு சொல், இரண்டு சொல். என் மேசையை நெடுநேரம் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுவரில் போல்ட்டுக்குத் துளை போட்டபோது பூச்சு மாப் போலக் கொட்டியது. சண்டைக்குள் அடிபட்ட வீடு அது. பழைய வெடிப்பை மூடி, உப்பு மண்ணில் வார்த்த கல் வைத்துத் திருத்தியிருந்தார்கள். நான் போல்ட்டை இறுக்க இறுக்க அது உள்ளே சும்மா சுற்றியது. எப்படியோ ஆப்பு அடித்து நிறுத்திவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கொமினிகேசனுக்கு ஜெசிந்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனா. நான் செய்த மேசையைப் பற்றி நானே சொல்ல வேண்டுமாம். பெட்டிபோல இருந்த அந்த அறைக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அன்ரனின் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு உரத்து வந்தது.

"டெக் முடிஞ்சுதோ? அப்பாவை அதில இருத்திப் பாத்தனிங்களோ?"

"அப்பாவை ஏன் அண்ணா டெக்குக்கு மேல இருத்துறது?"

"ஜெசி, நீங்கள் என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

ஜெசிந்தா சொல்லச் சொல்ல, அங்கே சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்தவர் பிறகு சிரிப்பை நிறுத்தி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். கனடாவில் டெக் என்றால் வீட்டோடு சேர்த்து, நிலத்தில் இருந்து உயர்த்திப் போடுகிற பலகைத் தளம். மாரியில் களப்பு ஏறும் என்று அவர்களுடைய வீட்டுக்கு நாலடி அத்திவாரம். ஐந்து படி. சவிரிமுத்தரை இரண்டு ஆம்பிளைகள் தூக்கினால்தான் கீழே இறக்கலாம், அதனால் ஒருவரும் இறக்குவதில்லை. பின் வாசலுக்கு நேரே வீட்டின் உள் நிலத்தின் மட்டத்துக்கு ஒரு தளம் போட்டால் சில்லுக் கதிரையை அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம்.

"ரெண்டு வரியமா அப்பா களப்பைக் காணேல்லை அண்ணை," என்றார் அன்ரன் என்னிடம். "நான் வாறதுக்குள்ள செய்து தாங்கோ."

எனக்கு வெட்கமாக இருந்தது. களப்புக்கு ஏங்கிக் கிடந்த அந்த மனிதர் என் மேசையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

2. சுவரை நம்பாதே

கனடாவில் இருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் அன்ரன் தன் வீட்டு டெக்கின் படம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல வேலை. வீட்டுச் சுவரில் ஒரு நீளப் பலகையை போல்ட் போட்டு இறுக்கி, தளத்தின் ஒரு பக்கப் பாரத்தை அதில் ஏற்றி, மறுபக்கத்துக்கு மட்டும் தூண் கொடுத்திருந்தார்கள். சுற்றிவரக் கைபிடி வேலி.

அந்தச் சுவரை நான் ஏற்கெனவே துளைத்துப் பார்த்தவன். டெக் மேசையின் போல்ட்டையே தாங்காத சுவர் பத்துப் பேரைத் தாங்குமா? அதனால் நான் சுவரைத் தொடவில்லை. எட்டுப் பாலைத் தூண். வெளிப்பக்கம் நாலு, சுவர்ப்பக்கமும் நாலு. மேலே மணல் என்றபடியால், ஈரமான இறுக்க மண் வரும்வரை கிண்டி, அடியில் கொங்கிரீட் போட்டு, அதன்மேல் தூணை நிறுத்தினேன். தூணின் மேல் தீராந்தி உத்தரம், அதற்குக் குறுக்கே வளைச் சட்டம், அதன்மேல் பலகை. வீட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. வாசலில் மட்டும் ஒரு மெல்லிய பலகை, சில்லு கடப்பதற்கு. கைபிடிக்கு என் நெஞ்சு உயரம்வரை மூன்று அகலப் பலகை குறுக்காக அடித்தேன், படத்தில் இருந்த மாதிரியே.

அன்ரன் வந்து இறங்கினார். தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு நேரே பின்பக்கம் வந்து தளத்தின் நடுவில் நின்று, இடுப்பை இரண்டு பக்கமும் அசைத்தார்.

"அண்ணை, இது டெக் இல்லை, ஊஞ்சல்."

"கால் ஒவ்வொண்டும் ஆறு அங்குலம் தம்பி."

"காலில பிழையில்லை. நீங்கள் வீட்டோட சேர்க்கேல்லை. அதுதான் ஆடுது. இதில நான் அப்பாவை ஏத்த மாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைப் பிடித்து முன் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், மேசையை ஒரு இழுவை இழுத்தேன். நாலு போல்ட்டும் ஒரு கூடை சுவரும் சேர்ந்து வந்தன.

"இதில சேர்க்கவோ?"

அன்ரன் ஓட்டையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த தகப்பனைப் பார்த்தார். "உங்கட சொல்லும் சரி, என்ர சொல்லும் சரி," என்றார். "சுவர் தாங்காது. ஆனா தளம் ஆடுது."

அது உண்மை. சுவர் பாரத்தை மட்டும் தாங்குவதில்லை, ஆட்டத்தையும் பிடிக்கிறது. சுவரை விட்டவன் ஆட்டத்துக்கு வேறு வழி செய்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விசயம்தான், பாரத்தையே யோசித்து அதை மறந்துபோனேன். அடுத்த நாள் தூணுக்குத் தூண் சாய்வாகக் குறுக்குச் சட்டம் கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கினேன். அன்ரனும் நிலத்தில் படுத்துக்கிடந்து நட்டு முறுக்கினார். பிறகு அயலில் இருந்த பத்துப் பேரை ஏற்றித் துள்ளச் சொன்னோம். அசையவில்லை. அன்ரன் என் முதுகில் ஒரு அடி போட்டார். வலித்தது, ஆனால் சந்தோசமாக இருந்தது.

3. பலகை

பின்னேரம் நாலு மணியிருக்கும். சவிரிமுத்தருக்குச் சவரம் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுவிட்டார்கள். ஜெசிந்தா கதிரையைத் தள்ள, அன்ரன் முன்னால் பின்பக்கமாக நடந்துவந்தார். சில்லு வாசல் பலகையைச் சத்தமில்லாமல் கடந்தது. கைபிடி ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்தோம்.

"பலகை," என்றார்.

"ஓம் அப்பா," என்றா ஜெசிந்தா. "நல்ல பலகை. அண்ணை தேடி எடுத்தவர்."

"பலகை."

"கனகாலம் நிக்குமாம் அப்பா."

அவருடைய முகம் சிவந்தது. இடது கையால் கதிரைக் கையில் அடித்து, "பலகை, பலகை" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்ரன், "களைச்சுப் போனார், உள்ள கொண்டுபோவம்," என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, அவருடைய தலைக்குச் சரியாக என் தலையை வைத்துப் பார்த்தேன்.

களப்பு இல்லை. வள்ளம் இல்லை. நான் சீவி மினுக்கி அடித்த நடுப்பலகைதான் தெரிந்தது, கண்ணுக்கு நேரே.

நிற்கிற எங்கள் எல்லாருக்கும் களப்பு தெரிந்தது. யாருக்காக இவ்வளவும் செய்தோமோ, அவருக்கு மட்டும் தெரியவில்லை. நான் உள்ளே ஓடிப்போய் ஆணி பிடுங்குகிற கம்பியை எடுத்துவந்தேன். அன்ரன், "என்ன அண்ணை செய்யிறியள்?" என்று கேட்டார். கதிரை உருண்டுபோகாமல் கீழ்ப்பலகையை விட்டுவிட்டு, நடுப்பலகையை ஒரு முனையில் இருந்து மறு முனைவரை பிடுங்கி எறிந்தேன். நல்ல பாலை. கொஞ்சமும் கவலைப்படவில்லை.

சவிரிமுத்தர் முன்னுக்குச் சாய்ந்தார். களப்பில் இரண்டு மூன்று வள்ளம் நின்றது. பிறகு இடது கையைத் தூக்கி ஒரு வள்ளத்தைக் காட்டினார்.

"விசரன்," என்றார். "காத்துக்கு... எதிர விடுறான் வலை."

இரண்டு வருடத்தில் அவர் சேர்த்துச் சொன்ன நீளமான வசனம் அதுதான். ஜெசிந்தா கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தா. "ஐயோ அப்பா, அது என்ர மனுசன்," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கி, அப்படியே கதிரைக்குப் பக்கத்தில் இருந்து அழுதா.

"கூப்பிடு," என்றார் சவிரிமுத்தர். "கூப்பிடு அவனை."

சுனாமி, திரும்பவும் சண்டை என்று அந்தக் கரைக்குப் பிற்பாடு என்னென்ன வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை எழுத நான் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தது மரம். அதில் தொடங்குகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்லுவேன். அவர் சில்லுக் கதிரையில் இருந்துதான் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், அன்ரன் முதலே சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டே என் உயரத்துக்கு அடித்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டில் வேலை என்றாலும், முதல் கோடு கீறுமுன், அதில் இருக்கப்போகிற ஆளின் இடத்தில் நான் கொஞ்ச நேரம் இருந்து பார்ப்பேன். கட்டில் என்றால் படுத்தும் பார்ப்பேன். வீட்டுக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.