முகத்துவாரத்தில் மூன்று கம்புகள்

"ஒரு பிரிண்ட் எடுத்துத் தர்றியா?" கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டம் வாங்கிய கார்த்திகாவிடம் ஊர் கேட்ட ஒரே கேள்வி இதுதான். புதுக்கோட்டையில் காலேஜ் பேராசிரியை. லீவுக்கு மீமிசல் பக்கம் வீட்டுக்கு வந்தால் போதும், ரேஷன் கார்டோடு வாசலில் ஆள் நிற்கும். அவள் அண்ணன் ராக்கனுக்கு இது வருஷக்கணக்காக ஆறாத எரிச்சல். ஐந்தாவதோடு வலை இழுக்கப் போனவன் அவன். தங்கச்சி என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவனுக்கும் தெரியாது. பிரிண்ட் எடுக்கவில்லை என்று மட்டும் தெரியும்.

போன வருஷம் முகத்துவாரத்தில் தூண்டில் வளைவு கட்டப் போவதாகச் சொன்னார்கள். மணலைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல்சுவர் அது. கணக்குத் தப்பி, மணல் ஒதுங்கி முகத்துவாரத்தின் வாய் அடைத்துக்கொண்டால் ஒரு படகும் வெளியே போகாது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில், சுவர் கட்டும் கம்பெனியின் இன்ஜினியர் எழிலரசன் திரையில் படம் காட்டினார்.

"மணல் சுவருக்கு அங்கிட்டே நின்னுரும். கம்ப்யூட்டரே சொல்லுதுங்க."

கார்த்திகா எழுந்தாள். "நீங்க தேடச் சொன்ன எடத்துல மட்டும் அது தேடியிருக்கு சார். மணல் நகர்ற இந்தச் சமன்பாட்டுக்கு விடை ஒண்ணு மட்டும் இல்ல."

"புரியிற மாதிரி சொல்லுங்க மேடம்."

"எருமையத் தேடிப் போனீங்க. மொதல்ல கண்ணுல பட்டத ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க. மத்தது எங்கிட்டு மேயுதுன்னு பாக்கல. நான் இயற்கணிதத்த வச்சு அம்புட்டையும் பட்டியில அடைச்சுட்டேன். ரெண்டாவது விடையில மணலு எங்க வாயிலதான் விழுகுது."

"சாரு ஓட்டியாந்தது யாரு வீட்டு எருமைப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. எழிலரசன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலேஜ் முதல்வர் போனில் பிடித்தார். "ஆட்சேபணைய வாபஸ் வாங்கும்மா. மேல இருந்து கேக்குறாங்க."

"கணக்குல தப்பக் காட்டச் சொல்லுங்க சார், வாங்கிர்றேன்."

ஒருத்தரும் காட்டவில்லை. கடைசியில் கால்வாசிச் சுவர் மட்டும் போட்டு, ஒரு மழைக்காலம் பார்ப்பது என்று முடிவானது. இரண்டாவது விடைப்படி மணல் ஏறும் என்று கண்ட இடத்தில், எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, ராக்கனின் படகிலிருந்து மூன்று கம்புகளை ஊன்றினாள் கார்த்திகா. முதல் வாரமே ஒன்றை எவனோ பிடுங்கிப் போட்டான். திரும்பவும் ஊன்றினாள்.

காலேஜ் திறந்ததும் கிளம்பிவிட்டாள். பஸ் ஏறியவள் ஜன்னல் வழியே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"எவன் வந்தாலும் கம்பப் புடுங்க விடாதண்ணே."

"தொட்டுப் பாக்கச் சொல்லு."

"மணல் ஏறாட்டியும் விடாத. நான் தோத்தாலும் ஊரு அதப் பாக்கட்டும்."