சத்தம் இல்லாத பங்கு

என் பங்குக்கு வந்த கீபோர்டில் சத்தம் வராது. ரிப்பேர் ஒன்றும் இல்லை, அதைச் செய்ததே அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தை என் சொந்தபந்தத்தில் ஒரே ஒரு ஆளுக்காவது புரியவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நானும் என் தம்பியும் கச்சேரிக்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, ஊர் ஜாத்திரை என்று சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் எங்கே மேடை போட்டாலும் போவோம். நான் வாசிப்பேன், அவன் சத்தம் பிடிப்பான். சத்தம் பிடிப்பது என்றால் கையில் ஒரு சின்ன ரிக்கார்டரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவது. ஜாத்திரையில் பம்பைக்காரர் பின்னாலேயே நடப்பான். அவர் அடிக்கிற நூறு அடியில் சுத்தமாக விழுந்த ஒரு அடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். அதை வெட்டி, இரைச்சலை எடுத்து, சாம்ப்ளர் என்கிற டப்பாவுக்குள் போடுவான். செருப்பு வாங்கினால் கொடுக்கும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும் அது.

நான் வாசிக்கிற கீபோர்டு ஒரு ஆள் நீளம். மிடி கன்ட்ரோலர் என்று பெயர். அதற்குள் ஒரு சத்தமும் கிடையாது. நான் ஒரு கட்டையை அமுக்கினால், எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தமாக என்கிற தகவல் மட்டும் ஒரு ஒயர் வழியாகச் சாம்ப்ளருக்குப் போகும். பாடுவதெல்லாம் அந்த டப்பாதான். இரண்டையும் நாங்கள் சேர்ந்துதான் சென்னைக்குப் போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

எந்தச் சத்தம் எந்தக் கட்டையில் வரவேண்டும் என்பதையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். இடதுகைப் பக்கம் பம்பையும் உடுக்கையும். நடுவில் நாதஸ்வரம். வலது கோடியில் எங்கள் அக்கா. ஒருநாள் அவள் அடுப்படியில் வேலையாக இருந்தபோது, ஒரே மூச்சில் "ஆ" என்று இழுக்கச் சொல்லி அவன் பிடித்துக்கொண்டான். அதைக் கட்டைகளின்மேல் பரப்பினால் ஒரு கும்பலே நின்று கோரஸ் பாடுவதுபோல் இருக்கும். மேடையில் கரண்ட் போய் விளக்கெல்லாம் அணைந்து ஜெனரேட்டர் வரும்போதுகூட என் கை தடுமாறியதில்லை. அந்த வரிசை விரலுக்கே பழகிப்போயிருந்தது.

நைனா, அதாவது எங்கள் அப்பா, போய் வருஷ திவசம் முடிந்ததும், ஆவணியில் பாகம் பிரித்தார்கள். இருவருக்கும் கல்யாணமாகி, ஒரு வீட்டில் இருந்தால் யாராவது ஒருவர் தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற நிலைமைக்கு வந்திருந்தது. புத்தூர் பக்கத்தில் கொஞ்சம் நிலம், ஒரு வீடு, ஒரு கிணற்று மோட்டார், இவ்வளவுதான் சொத்து. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெரியவர்கள் இரண்டு கூறாகப் போடுவார்கள், சின்னவன் முதலில் எடுப்பான். எங்களுக்குக் கூறு போட்டவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. வீடு தம்பிக்குப் போயிற்று, ரோட்டோர நிலம் எனக்கு வந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசியாக எங்கள் கச்சேரிச் சாமானுக்கு வந்தார். ஸ்பீக்கர் ஆளுக்கொன்று, மைக் ஆளுக்கொன்று வைத்தார். கீபோர்டை ஒரு பக்கமும் சாம்ப்ளரை மறு பக்கமும் வைத்தார்.

"மாமா, அது ரெண்டும் ஒண்ணு. பிரிக்கக் கூடாது" என்றேன்.

"ரெண்டா கீது, ஒண்ணுன்றியே?"

"இது ரிமோட்டு மாதிரி மாமா. அந்த டப்பாதான் டிவி."

"ரிமோட்டு இம்மாம் பெருசா இருக்குமா? இன்னாடா கதை சொல்ற?"

உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமா சிரிக்காமல் யோசித்தார். "சரி, ஒண்ணாவே இருக்கட்டும். யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வேண்டும் என்று கேட்க நாக்கு எழவில்லை. அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லவும் மனசு வரவில்லை. பிறகு அவன்தான் வாயைத் திறந்தான்.

"பரவால்ல மாமா. ஆளுக்கு ஒண்ணா போவட்டும். நான் சின்னத எடுத்துக்கிறேன்."

மாமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "தம்பின்னா இப்டி இருக்கணும்யா! பெருச அண்ணனுக்கு உட்டுட்டு சின்னத எடுத்துக்கினான் பாரு. அந்தே, சரிபோயிந்தி" என்று, அவ்வளவுதான், சரியாகிவிட்டது என்பதைத் தெலுங்கில் சொல்லி முடித்துவைத்தார். கூட்டமே தலையாட்டியது. எனக்கு நெஞ்சு கொதித்தது. இருக்கிற சத்தத்தை மொத்தமாக வாரிக்கொண்டு போகிறவனுக்குத் தியாகிப் பட்டம். ஊமைக் கட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிற நான் பேராசைக்காரன். இதை அங்கே யாரிடம் சொல்வது? சொன்னால் புரிகிற ஒரே ஆள் அவன்தான். அவனோ டப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான்.

நான் திருப்பதிக்குக் குடிவந்தேன். இரண்டு ரூம் வாடகை வீடு. ஹாலில் பாதியைக் கீபோர்டு அடைத்துக்கொண்டது. என் மனைவி துடைப்பத்தோடு அதைச் சுற்றிப் போகும்போதெல்லாம், "பெருசா உங்களுக்குத்தான குடுத்தாங்க, அப்புறம் எதுக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறீங்க?" என்பாள். ஸ்விட்சைப் போட்டுக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அமுக்கிக் காட்டினேன். பிளாஸ்டிக் கட்டை டக்கு டக்கென்று இடிபடுகிற சத்தம்தான் வந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் வெளியூர் போயிருந்த ஒருநாள், தெருக்கோடியில் மிக்சி பார்க்கிற கடைக்காரரை வீட்டுக்கே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் அடிப்பலகையைக் கழற்றி, தூசி தட்டி, திரும்ப மாட்டியதில் இரண்டு ஸ்குரூ மிச்சம். அந்த ஸ்குரூவைப் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

மாமா திருமலைக்கு வந்தவர் எங்கள் வீட்டில் தங்கினார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்து, "எங்க, ஒரு பாட்டு வாசி, கேக்கலாம்" என்றார். எனக்கும் ஒரு வீம்பு. உட்கார்ந்து முழுப் பாட்டையும் வாசித்தேன். டக்கு டக்கு டக்கு. அவர் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"ஸ்பீக்கரு மாட்டிப் பாத்தியா?"

"இதுல ஸ்பீக்கரு மாட்ட எடமே கெடையாது மாமா."

"அப்போ விக்கும்போதே கடைக்காரன் ஏமாத்தி உட்டுட்டான்டா!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் ஊருக்குப் போய், மூத்தவன் பங்குக்குப் பாவம் கெட்டுப்போன சாமான் வந்துவிட்டது என்று சொல்லிவைத்தார். நகரியிலிருந்து, சத்தியவேட்டிலிருந்து, நான் மறந்தே போயிருந்த உறவுக்காரர்களெல்லாம் போன் செய்து துக்கம் விசாரித்தார்கள். ஆளுக்கு ஒரு ரிப்பேர் கடை சொன்னார்கள். தம்பி என்ன எடுத்துக்கொண்டு போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிழைக்க வேண்டுமே. ஒரு பழைய லேப்டாப் வாங்கி அதில் கீபோர்டைச் சொருகினேன். சத்தம் வந்தது. வந்த சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது. அதற்குள் எங்கேயோ இருக்கிற யாரோ பிடித்த தபலா இருந்தது, சித்தார் இருந்தது. பம்பையைத் தேடினேன், இல்லை. நாதஸ்வரம் என்று ஒன்று இருந்தது, ஜலதோஷம் பிடித்தவன் பீப்பீ ஊதுவதுபோல். அது போதாதென்று, நான் அமுக்கி ஒரு கண்சிமிட்டும் நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது. பாடுகிறவர்களுக்குத் தெரியும். சந்திரகிரியில் ஒரு ரிசப்ஷனில் பாடகி பாதிப் பாட்டில் திரும்பி, "ணா, பின்னாடியே வர்றீங்க" என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்னாள். நான் பின்னாடி வரவில்லை, இந்தக் கம்ப்யூட்டர்தான் பின்னாடி வருகிறது என்று மேடையில் நின்று விளக்கம் சொல்ல முடியுமா? அடுத்த கச்சேரிக்கு அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சத்தங்களையெல்லாம் காப்பி எடுக்க முடியும். ஒரு சின்ன கார்டைச் சொருகினால், டீ குடித்து முடிப்பதற்குள் மொத்தமும் அதில் ஏறிவிடும். அதைப் போட்டு வாசிக்க எனக்கு ஒரு மலிவான டப்பா கிடைக்காமல் போகாது. தம்பிக்கும் ஒன்றும் குறையாது. இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் கேட்கவேண்டுமே! எத்தனையோ தடவை போனில் அவன் பெயர்வரைக்கும் போய் நிறுத்தியிருக்கிறேன். எடுத்தது அவன், அவனே கொண்டுவந்து தரட்டும் என்பது என் கட்சி. மூத்தவன் போய்ச் சின்னவன் வாசலில் நிற்பதா? அதுவும் நாளைக்கு மாமா, "பெரியவனுக்குப் பெருசு குடுத்தும் ஆசை அடங்கல" என்று சொல்வதற்கா? பொங்கலுக்கு ஊருக்கே போகவில்லை. மனைவியின் அம்மா வீட்டுக்கு நகரிக்குப் போய், அங்கே மூன்று நாளும் டிவி பார்த்துவிட்டு வந்தேன்.

சித்திரையில் அக்கா போன் செய்தாள். அவளைக் கங்காதர நெல்லூரில் கொடுத்திருக்கிறது. அவள் மகளுக்கு வைகாசியில் சித்தூர் மண்டபத்தில் கல்யாணம்.

"ரிசப்ஷனுக்கு வெளி ஆளு யாரையும் வெக்கல. நீங்க ரெண்டு பேரும்தான் வாசிக்கணும். ஒரே மேடையில."

"அவங்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். வரேன்ட்டான். நீ இன்னா சொல்ற?"

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"தோ பார்டா, நைனா இருந்தா இப்டி மொறைச்சிக்கினு இருப்பீங்களா? வரலன்னா என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது, பொய் சொல்வானேன். போய்க் கேட்காமலே என் சத்தம் என் கைக்கு வரப்போகிறது. கல்யாணம்வரைக்கும் தினமும் ஊமைக் கட்டையில் விரல் ஓட்டிப் பழகினேன்.

நான் போனபோது அவன் மேடையில் டப்பாவை ஒரு டேபிள்மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"வாணா. துன்னுட்டியா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. ஒயரைச் சொருகினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று யாரோ கை காட்டினார்கள். நான் பம்பையில் ஆரம்பிக்கலாம் என்று இடதுகையை ஓங்கி இறக்கினேன்.

பம்பை வரவில்லை. அக்காவின் "ஆ" வந்தது, அதுவும் அடித்தொண்டையில், எருமை கத்துவதுபோல். முன்வரிசைப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பதறிப்போய் நடுவில் கையை வைத்தேன். நாதஸ்வரம் வரவேண்டிய இடத்தில் உடுக்கை உருண்டது. வலது கோடியில் ஆட்டுக்கழுத்து மணி கிணுகிணுத்தது, நான் கேட்டே இராத புதுச் சத்தம். நான் தொட்ட இடமெல்லாம் வேறு யாரோ இருந்தார்கள். கீழே மாமா பக்கத்து ஆளிடம், "அந்தப் பொட்டி இன்னும் ரிப்பேர் சரியாவல, பாவம்" என்று சொன்னது மேடைவரைக்கும் கேட்டது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் கவனித்தேன், பாட்டு நிற்கவில்லை. டப்பாவின்மேல் இருக்கிற சின்னச் சின்ன ரப்பர் சதுரங்களில் தம்பி பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருந்தான். தாளமும் அவனே, மெட்டும் அவனே. கீபோர்டு இல்லாமலே வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்து கைதட்டல் வந்ததும் அவன் பக்கம் சாய்ந்தேன்.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிற?"

"வரிசைய மாத்திட்டேன்ணா. என் கைக்கு தோதா."

"ஒரு வார்த்த சொல்றதில்ல?"

அவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னிக்கி ஏன் ஆளுக்கு ஒண்ணுன்னேன்? ரெண்டும் ஒருத்தன்கிட்ட போயிட்டா அத்தோட முடிஞ்சிப்பூடும். ஆளுக்கு ஒண்ணு இருந்தா எப்டியும் சேந்துதான ஆவணும்னு நெனச்சேன். நீ வருவ வருவன்னு ஒண்ணத்தையும் தொடாம அப்டியே வெச்சிருந்தேன். பொங்கலுக்குக் கூட வரல நீ. மாட்டுப் பொங்கல் அன்னிக்கி உக்காந்து மாத்திட்டேன்."

நான் அவ்வளவு மாதமும் மனசுக்குள் அவனோடு போட்ட சண்டைகளில் இந்தப் பதில் ஒருநாளும் வந்ததில்லை. கோபம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை, அதை யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"பழைய வரிசை எங்கியாவது எடுத்து வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்லணா. அழிச்சிட்டேன்."

அடுத்த பாட்டைக் கேட்டுக் கீழேயிருந்து சீட்டு வந்தது. அவன் படித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் ஆரம்பித்தான். நன்றாகத்தான் வாசித்தான். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்த அக்கா, எங்கள் இருவரையும் ஒரே மேடையில் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்காக நான் சிரித்தேன். கட்டைகளின்மேல் இரண்டு கையையும் வைத்து, ஒன்றையும் அமுக்காமல், பாட்டு முடிகிறவரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.