இரண்டு ஸ்னாப்பரும் ஒரு தகுந்த காரணமும்

ஆரஞ்சு நிறப் பிடி. ஒரு சாண் நீளத்துக்கு மெலிந்து வளைந்த அலகு. எங்கள் ஷிப்ட் லீடரின் மீன் கத்தியை நினைத்தால், பக்குரங்காவில் என் வீட்டுப் பின்புறக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து அவர் அதைக் கழுவும் விதம்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி ஜாக்கெட்டின் உள்பையில் செருகிக்கொள்வார். பென்ரோஸில் ஒரு கிடங்கில் நான் நடைமுறைக் கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அவற்றைப் படிக்காமலே சரியாக வேலை செய்தார். கிள்ளானிலிருந்து வந்த கிறிஸ்தவர். ஊரின் மறுகோடியில் மாசி என்ற பகுதியில் ஓர் அறை, கார் கிடையாது. நான் ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைக் காலைகளில் பஸ் பிடித்து வருவார். தூண்டிலும் வாளியும் என் கராஜில்தான் இருக்கும். கழிமுகத்தில் மீன் பிடித்து, என் வீட்டையும் சேர்த்து எங்கள் தெருவின் நான்கு தமிழ் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். "அக்கா, நான் தனி ஆளு, எத்தன மீனத் தின்பேன்?" என்பார். கத்தியை மட்டும் விட்டுப்போக மாட்டார். சாணைக்கல் அவர் அறையில் இருந்தது.

இந்த நாட்டுச் சட்டம் கத்தியைத் தடை செய்யவில்லை. தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் அதை வைத்திருப்பதைத்தான் குற்றம் என்கிறது. மீன்பிடிப்பது, வேட்டைக்குப் போவது, காட்டில் கூடாரம் போடுவது எல்லாம் தகுந்த காரணங்களே. ஆனால் கத்தி இருக்கும்போது காரணமும் கூடவே இருக்க வேண்டும். கரையில் நிற்பவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். ரொட்டிக் கடையில் நிற்பவரிடம் கேட்பார்கள். குறை சொல்ல முடியாத சட்டம். நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, என் வீட்டிலிருந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவர் வணிக வளாகத்தில் ரொட்டி எடுக்கக் குனிந்திருக்கிறார். கத்தி நழுவித் தரையில் விழுந்தது. காவலாளி போலீசைக் கூப்பிட்டார். மீன் பிடிக்கப் போனேன் என்றார் இவர். மீன் எங்கே? கொடுத்துவிட்டேன். தூண்டில்? தெரிந்தவர் வீட்டில். எந்த வீடு? அந்த இடத்தில் மனிதர் வாயை மூடிக்கொண்டார். வழக்குப் பதிந்து, நீதிமன்றத்துக்குத் தேதி கொடுத்து அனுப்பினார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரம் அது. தண்டனை விழுந்தால் அந்த விண்ணப்பமும் விழும்.

மூன்று வாரம் ஆளைக் காணாமல் நானே போன் செய்தபோதுதான் இது தெரிந்தது.

"என் முகவரியைச் சொல்லியிருக்கலாமே தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அன்னைக்குப் புரட்டாசி சனிக்கிழமை, அக்கா. நீங்க கோயில் சமையலுக்குத் தலைவி. போலீஸ் வந்து மீன் வாங்குனீங்களான்னு கேட்டா தெருவே பாக்கும்லா."

"உனக்கெதுக்கு என் புரட்டாசி?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. உங்களுக்கு இருக்கே."

எனக்கு இருந்தது. பெருமாளுக்குரிய அந்த மாதம் முழுவதும், கோயில் சமையலில் கை வைப்பவர் அசைவம் தொடக்கூடாது. அந்த விதியை எழுதியவள் நான். எழுதிய கையாலேயே அன்று ஸ்னாப்பர் மீனை வாங்கி, மிளகாய் தடவி வறுத்தேன். நாக்குக்குப் பஞ்சாங்கம் தெரியவில்லை.

மீன் வாங்கியவர்கள் எழுத்தில் சொன்னால் போதும், வழக்கு நிற்காது என்றார் அவருடைய வழக்கறிஞர். மற்ற மூன்று வீடுகளுக்கும் நடந்தேன்; அந்த வீட்டுப் பெண்களும் என்னோடு கோயில் சமையலில் நிற்பவர்கள். முதல் வீட்டில், "மீனா? புரட்டாசில நாங்க முட்டைகூடத் தொட மாட்டோம் மேடம்" என்றார்கள். அன்று அவர்கள் வீட்டு வறுவல் வாசம் என் வேலியைத் தாண்டி வந்தது. அடுத்த வீட்டில், "வாங்கினது நிஜம்தான். ஃப்ரீசர்ல வச்சிருந்து ஐப்பசி பொறந்துதான் சாப்பிட்டோம்" என்றாள் அந்த வீட்டுப் பெண். அதையே எழுதிக் கொடு, இன்னும் நல்லது என்றேன். வீட்டுக்காரரைக் கேட்கப் போனவள் திரும்பி வரவில்லை. கடைசி யாழ்ப்பாணத்து வீட்டில், "ஓம் அக்கா, தந்தவர்தான். கையெழுத்து எண்டால் யோசிக்கோணும்" என்றார்கள்.

சட்டம் அவரிடம் கேட்டது ஒரு காரணம். அந்தக் காரணத்தை நாங்கள் நான்கு வீட்டாரும் பங்கு போட்டுத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள், நூலகத்தில் உட்கார்ந்து சத்தியப் பத்திரங்களுக்குச் சான்றளிக்கும் ஜே.பி. முன்னால் போய் சத்தியம் செய்து கையெழுத்திட்டேன். புரட்டாசி மாதச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, இன்னாரிடமிருந்து இரண்டு ஸ்னாப்பர் பெற்றேன். அவருடைய தூண்டில் என் கராஜில் இருக்கிறது, புகைப்படம் இணைப்பு. கத்தியை என் வீட்டுக் குழாயில்தான் கழுவினார். மீனை அன்று மதியமே சமைத்துச் சாப்பிட்டேன். கடைசி வரி அவசியமா என்று கேட்டார் அந்த ஜே.பி. அம்மாள். அவசியம் என்றேன். ஃப்ரீசருக்குப் பின்னால் ஒளிய எனக்கு விருப்பமில்லை.

போலீஸ் வழக்கைத் திரும்பப் பெற்றது. நகல் ஒன்றைக் கோயில் குழுவுக்கு நானே அனுப்பினேன். விதியை மீறியவர் தாமே தெரிவிக்க வேண்டும் என்று ஓர் உட்பிரிவும் எழுதித் தொலைத்திருந்தேன். "மேடம், எங்களுக்கு எதுக்கு அனுப்புனீங்க? யார் கேட்டா?" என்று குழுத் தலைவர் போனில் அழாத குறையாகச் சொன்னார். விலக்கல் கடிதத்துக்கு வாசகம் அவர்களுக்கு வரவில்லை. அதையும் நானே எழுதிக் கொடுத்தேன். மன்னிப்புக் கடிதம் தரும்வரை சமையலறைக்குள் வரக்கூடாது என்று தெளிவாக.

ஷிப்ட் லீடருக்கு வசிப்புரிமை கிடைத்தது. பிறகு குடியுரிமை கிடைத்ததும், இங்கே எல்லோரும் செய்வதை அவரும் செய்தார், கூடுதல் சம்பளத்துக்குப் பக்கத்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பிறர் மானத்தைக் காப்பாற்றத் தன் விசாவைப் பணயம் வைத்த இன்னொரு ஆளை இந்த ஊரில் நான் பார்க்கவில்லை. அந்த மூன்று வீட்டுப் பெண்கள் இன்றும் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கிண்டுகிறார்கள். ஒவ்வொரு புரட்டாசிக்கும் தலைவர் கூப்பிடுகிறார். "ஒரு வரி மன்னிப்பு போதும் மேடம், வாசகத்தை நீங்களே போட்டுக்குங்க."

"போடுகிறேன்" என்கிறேன். "மீன் வாங்கிய நான்கு வீட்டுக்கும் பொதுவாக ஒரே கடிதம். மற்ற மூன்று கையெழுத்தை வாங்கி வாருங்கள், என்னுடையதைக் கடைசியில் போடுகிறேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்கிறார். ஏழு புரட்டாசியாக யோசிக்கிறார்.