சாரலில் ஓடிய ஏசி

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று டிவியில் காட்டினால் போதும், அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து பெரியப்பாவின் போன் வந்துவிடும். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். சின்ன வயதிலேயே ரயிலேறிப் போய், மளிகைக்கடை வைத்து, நன்றாக இருப்பவர். சீசனில் குற்றாலத்து ரூம் வாடகை அவருக்குக் கட்டுப்படியாகாதாம். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே, குத்துக்கல்வலசையில் எங்கள் வீடுதான் அவருக்கு ரூம். நான் ஏசி மாட்டிய பிறகு ஏசி ரூம்.

ஏசியை அவருக்காக நான் வாங்கவில்லை. அப்பா கொத்தனார். அவர் கையால் கட்டிய காங்கிரீட் வீடு சித்திரை வெயிலில் கொதிக்கும். அம்மாவுக்கு நெஞ்சு சரியில்லை. பீடித்தூளிலேயே கிடந்து வந்த இருமல்; இனிமேல் பீடித் தட்டை மடியில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். அவள் பீடி சுற்றித்தான் போனேன். வேலை கிடைத்ததும் அவளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: தட்டை எடுத்து வை. வைத்தாள்.

போன சீசனில் பெரியப்பா குடும்பத்தோடு வந்தார். அருவியில் சோப்பு, ஷாம்பு போட விடமாட்டார்கள் அல்லவா, தலை நிறைய எண்ணெயோடு வீட்டுக்கு வந்து வெந்நீரில் முழுகினார்கள். ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. குளித்து முடித்ததும் ஏசி பதினாறு. அதற்கு மேல் ஆளுக்கு ரெண்டு போர்வை. ஜன்னலுக்கு வெளியே சாரல் சும்மா அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் அருவியிலிருந்து திரும்புமுன்னே ஓடிப் போய் ஏசியைப் போட்டு வைப்பது அப்பாதான். அண்ணன் கதவைத் திறக்கும்போது ரூம் ஜில்லென்று இருக்க வேண்டும். அதுதான் அவருக்கு மரியாதை.

என் சம்பளம் வீட்டுக் கடனுக்கே சரியாகப் போகும். கரண்ட் பில் அப்பா பொறுப்பு. அந்தப் பில் வந்த வாரத்தில் நான் வேலை முடிந்து சீக்கிரம் வந்தபோது, பின்வாசலில் அம்மா மடியில் தட்டு. என்னைக் கண்டதும் முந்தானையால் மூடினாள். எதை மூட முடியும்? அந்த வாசனையில் வளர்ந்தவன் நான்.

“யார் கேட்டா உன்ன சுத்தச் சொல்லி?”

“யாரும் கேக்கல. பில்லு முடியட்டும், வச்சிருதேன்.”

அன்றைக்கு ஏசியைப் பெயர்த்துத் தெருவில் எறிந்திருப்பேன். எறியாமல் படித்தவன் செய்வதைச் செய்தேன். சுவரில் ஒட்டுகிற ஒரு தெர்மோஸ்டாட் வாங்கினேன். அது ரூமின் சூட்டைப் பார்த்து, இருபத்தாறுக்கு மேல் ஏறினால் ஏசியை ஓட்டும், இறங்கினால் நிறுத்தும். யார் ரிமோட்டை எப்படி அமுக்கினாலும் தன் கணக்குக்கே திரும்பும். போனில் என்னால் பார்க்கவும் முடியும். ஹீட்டரின் சூட்டையும் குறைத்து வைத்தேன். கோடை முழுக்க வீடு இதமாக இருந்தது, பில்லும் இறங்கியது. அம்மா பீடிக்கடைக்குப் போய் மிச்ச இலையையும் தூளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். சாமி கும்பிட்டுவிட்டு வந்தவள் போல முகம் இருந்தது. அப்பாவும் அந்தக் கருவியை வியந்து வியந்து பார்த்தார். “இத்துனூண்டு சாமானுக்குச் சூடு தெரியுதேலே!” என்றார்.

இந்த சீசனில் பெரியப்பா வந்தார். ரிமோட்டை அமுக்கினார். ஏசி வாயைத் திறந்து மூடிக்கொண்டது.

“என்னலே, ஏசி செத்துப் போச்சா?”

“சாரலுக்கு ரூமே இருபத்தஞ்சுதான் இருக்கு பெரியப்பா. அதுக்கு ஓட வேண்டிய வேலையே இல்ல.”

“அப்பம் எனக்கு எது குளிருன்னு சொவத்துல கெடக்க அந்த டப்பாதான் சொல்லுமா?” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “ஒம் மவன் காலேசுல போயி இதத்தாம் படிச்சானா? நான் பள்ளிக்கூடமே போகல, எங்கடையில ரெண்டு ஏசி ஓடுது.”

அப்பா என்னை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போனார். “நாலு நாளு அவுத்து விடுலே. அவுக போன பொறவு பூட்டிக்கோ.”

“மாட்டேன்.”

“எனக்காவ.”

“அம்மாக்காவ மாட்டேன்.”

மறுநாள் ஆபீசில் இருந்தபோது போனைப் பார்த்தேன். வீட்டு ரூமின் சூடு முப்பத்தெட்டு என்று காட்டியது. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல சாரல். வயர் ஏதும் எரிகிறதோ என்று பதறி, தென்காசியிலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு போனேன்.

ரூமுக்குள் பெரியப்பா குடும்பம் போர்வைக்குள் கிடந்தது. அப்பா ஸ்டூலில் ஏறி நின்று, ஆவி பறக்கிற வெந்நீர்ச் செம்பைத் துண்டால் பிடித்து, கருவிக்கு அடியில் காட்டிக்கொண்டிருந்தார். கையில் குழந்தையை ஏந்தியது போல அவ்வளவு பக்குவமாக. கீழே இன்னொரு செம்பு தயாராக இருந்தது. நான் குறைத்து வைத்த ஹீட்டரைக் கூட்டி, அதில் சுடவைத்த தண்ணீரைக் கொண்டு ஏசியை ஓட்டுகிறார்! அவர் அண்ணன் போர்வைக்குள்ளிருந்து, “ஏ, எவ்வளவு படிச்சாலும் அப்பன் மூளைக்கு வருமாலே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், பெருமையாக.

நான் கத்தினேன். “போன வருசம் நீங்க போத்திக்கிட்டு ஒறங்குன பில்லுக்கு எங்கம்மா இருமி இருமிப் பீடி சுத்தினா. தெரியுமா உங்களுக்கு?”

சிரிப்பு நின்றது. பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். “என்னடே சொல்லுதான் இவன்?”

அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கினார். ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “அவென் கெடக்கான்ணே. அவ சும்மா பொழுதுபோக்குக்குச் சுத்துதா” என்றார்.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அடுக்களை வாசலில் நின்றவள், “ஆமா அத்தான். பொழுது போகாண்டாமா?” என்றாள்.

சொன்னதோடு விட்டாளா? அப்பாவின் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்று, பீடி சுற்றுகிற அடுத்த வீட்டுக்குப் போய் அவர்கள் பங்கு இலையையும் தூளையும் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சுற்றினாள். பெரியப்பாவின் மருமகள், “எவ்வளவு வேகமா சுத்துறீங்க அத்தை!” என்று வீடியோ எடுத்தாள். இருமல் வரும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வீடியோவில் விழாதபடி. அப்பா செம்புகளை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டார்.

அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் பெரியப்பாவுக்கு நானே போன் போட்டேன்.

“அடுத்த சீசனுக்குக் குற்றாலத்துல ரூம் எடுத்துக்கிடுங்க பெரியப்பா. எங்க வீட்டுக்கு வர வேண்டாம்.”

“ஒங்கப்பன் சொல்லச் சொன்னானா?”

“இல்ல. நான் சொல்லுதேன்.”

“ஏலே, அது எந் தம்பி கட்டுன வீடு.”

“அந்த வீட்டுல எங்கம்மாவும் இருக்கா.”

அவர் வைத்துவிட்டார். அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வேண்டுமா என்பதைக்கூட அம்மா மூலமாகத்தான் கேட்கிறார். அம்மாவும் என்னைத் திட்டினாள், பெரியவரை அப்படிச் சொல்லலாமா என்று. திட்டட்டும். அவள் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய், இனிமேல் எங்கம்மா கேட்டால் ஓர் இலை கூடக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.