ரைஸ் குக்கருக்கு நடந்த வாக்கெடுப்பு

ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் எங்கள் சங்கத்துக்கு நாற்பது வீட்டாரும் சொந்தக்காரர்கள். நான் செயலாளர். மாலையில் ரைஸ் குக்கர் போடக்கூடாது என்பது விதி. ஒன்று போட்டாலே எல்லா வீட்டு விளக்கும் மங்கிவிடும்.

மழையில் விறகு நனைந்துபோனதால், தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரும் ஒரு பெண் இரண்டு முறை குக்கர் போட்டு அகப்பட்டார். அவருடைய இணைப்பைத் துண்டிப்பதா என்று முடிவெடுக்கப் பொதுக்கூட்டம் கூடியது. அவர் அரிசி போட்ட குக்கரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஒன் சோத்துக்கு நாங்க இருட்டுல இருக்கணுமா தங்கச்சி?” என்றார் தலைவர்.

“ஓட்டுக்குக் கையத் தூக்கச் சொல்லாதீங்க அண்ணே. எம் புள்ளைங்க நேரத்தோட சாப்பிடணும்னு நெனைக்கிறவங்க வீட்டுக்குப் போயி டிவிய, லைட்ட நிப்பாட்டட்டும்” என்று சொல்லி, அவர் மண்டபத்திலேயே குக்கரைப் போட்டார். பல்பு மங்கியது.

எங்கள் விதிகளில் அப்படியொரு வாக்கெடுப்பு இல்லை. அதைச் சொல்ல நான் எழுவதற்குள் வீட்டுக்கு ஒருவராகப் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று பார்த்தோம். சரிவில் வீடுகள் ஒவ்வொன்றாக இருண்டன. மண்டபத்து பல்பு பிரகாசமானது. மேட்டில் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம்.

“தலைவர் வூட்ல இன்னும் சீரியல் முடியல!” என்று யாரோ கத்தினார்கள்.

சற்று நேரத்தில் அந்த வீட்டு விளக்கும் அணைந்தது.

“எம் பொண்டாட்டியே எனக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டாளே!” என்று தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மழைக்காலத்தில் முறைவைத்துக் குக்கர் போடலாம் என்ற தீர்மானத்தை, சூடான சோற்றை மென்றபடி அவரே முன்மொழிந்தார்.