கை கழுவினேனா என்று கேட்டவர்

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வரும் ஒரு கஃபேவுக்குப் பாலக்கீரை நறுக்கிக் கொடுத்துவந்தேன். கழுவி, ஈரம் வடித்து, நறுக்கி, டப்பாவில் அடைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்க வேண்டும் என்பது பேச்சு.

ஒரு காலையில் அதன் முதலாளி வேலையாட்கள் முன்னால் டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். முந்தின நாள் கொடுத்த கீரை. வெட்டிய ஓரமெல்லாம் கறுத்துக் கொழகொழத்திருந்தது.

"கை கழுவிட்டுதான் நறுக்கறீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிந்தது.

கத்தியைக் கொதிநீரில் போட்டேன். பலகையை மாற்றினேன். மறுபடியும் கறுத்தது. நடுவில் ஒரே ஒரு வாரம் மட்டும் கீரை நான்கு நாள் அப்படியே நின்றது. அதே கை, அதே கத்தி. அப்படியானால் குற்றம் என்னுடையது இல்லை.

அடி அண்ணாமலையில் எனக்குக் கீரை கொடுக்கும் விவசாயியிடம் கோபமாகவே போனேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"அந்த வாரம் குடுத்தது மல்லாட்டை எடுத்த நிலத்துல வந்தது அக்கா. அந்தக் கடலைக்கு ஜிப்சம் போட்டிருந்தோம். அந்தச் சுண்ணாம்புச் சத்து இருந்தா இலை கெட்டியா நிக்கும். எப்பவும் குடுக்கற இந்த நிலத்துல யூரியா ஜாஸ்தி. இலை தண்ணி கோத்துக்கினு மெத்துனு ஆயிடும்."

"தெரிஞ்சேவா எனக்குக் குடுத்தீங்க?"

"நீங்கதான கரும்பச்சையா தளதளன்னு கேட்டீங்க? நறுக்கி மூணு நாள் வெப்பீங்கன்னு சொன்னீங்களா?"

பெரிய இலையாகப் பார்த்துப் பொறுக்கியது நான்தான். அவர் மேல் இருந்த கோபம் பாதி என் மேலேயே திரும்பியது. யூரியாவைக் குறைத்து, ஜிப்சம் போட்டு எனக்கென்று ஒரு பாத்தி விதைக்கச் சொன்னேன். இலை சின்னதாக, வெளிர்பச்சையாக வந்தது. பரவாயில்லை, நான்காம் நாளும் ஓரம் கறுக்கவில்லை.

கஃபே முதலாளி நான்கு நாளாக இருந்த டப்பாவை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா, சுத்தமா செஞ்சா நிக்குது."

உர விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டார். வேலையாட்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், என் கைல தப்பில்லைன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க."

"விடுங்கம்மா, அதான் சரியாயிடுச்சே."

அன்று கொண்டுபோன டப்பாக்களைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் ஒரு மெஸ்ஸுக்குத்தான் அந்தக் கீரை போகிறது. அந்த கஃபே வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.